கேம் திரையைக் கேன்வாசில் வரைவது எப்படி

வீடியோ கேம் உலகங்களையும் இணையத்தில் சுற்றும் படங்களையும் ஓவியமாக்க முனைகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, தமக்குப் பிடித்த கதாநாயகனை ஒரு ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து எடுத்து அப்படியே பெரிதாக்கி வரைவதுதான். எவ்வளவு கவனமாக வரைந்தாலும் அது கடையில் விற்கும் போஸ்டரின் கைப்பிரதியாகவே நின்றுவிடும். அச்சு இயந்திரத்தோடு போட்டியிட்டு நாம் வெல்லப்போவதில்லை. அந்தக் கதாநாயகன் ஏன் அந்த வடிவில் இருக்கிறான், அவனுக்கு எத்தனை சதுரங்கள் ஒதுக்கப்பட்டன, எத்தனை நிறங்கள் அனுமதிக்கப்பட்டன, அவனுக்குப் பின்னாலுள்ள மலை ஏன் மூட்டத்தில் மறைகிறது என்று கேட்டு, அதில் கிடைக்கும் விதியை எடுத்துக்கொண்டு நம் சொந்தப் படத்தை வரைவது இதைவிடப் பலன்தரும். கதாநாயகன் அவனை உருவாக்கிய நிறுவனத்துக்குச் சொந்தம். விதி யாருக்கும் சொந்தமில்லை.

அக்ரிலிக் வண்ணத்தைக் கொண்டு வீட்டு மேசையிலேயே செய்யக்கூடிய மூன்று பயிற்சிகளை இங்கே விளக்குகிறேன். முதலாவதற்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். அது கைவந்துவிட்டால் மற்ற இரண்டும் விரைவில் வசப்படும். தூரிகையை ஒருமுறையாவது பிடித்துப் பார்த்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முன்னே சென்றவர்கள்

தொடங்குமுன் நான்கு பேரின் வேலையைப் பார்த்துவிடுவது நல்லது. அமெரிக்கக் கலைஞர் கோரி ஆர்க்கேஞ்சல் 2002இல் 'சூப்பர் மாரியோ கிளவுட்ஸ்' என்ற படைப்பைச் செய்தார். பழைய நிண்டெண்டோ கேம் இயந்திரத்தில் செருகும் கேட்ரிட்ஜைத் திறந்து, நிரலை மாற்றி, மாரியோவையும் செங்கற்களையும் நாணயங்களையும் எதிரிகளையும் நீக்கிவிட்டு, நீல வானத்தில் மெல்ல நகரும் மேகங்களை மட்டும் விட்டுவைத்தார். அது ஓவியமன்று என்றாலும், எதை வரைவது என்பதைவிட எதை நீக்குவது என்று யோசிக்க அதைக் காட்டிலும் நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கிரேக்கத்தில் பிறந்த மில்டோஸ் மனெட்டாஸ் 1990களிலேயே கேம் இயந்திரங்களையும், தரையில் சுருண்டு கிடக்கும் கேபிள்களையும், கையில் கட்டுப்பாட்டுக் கருவியோடு அமர்ந்திருக்கும் மனிதர்களையும் எண்ணெய் வண்ணத்தில் வரையத் தொடங்கினார். திரைக்குள் இருப்பதை விட்டுத் திரைக்கு வெளியே பார்த்தார் என்பதே அவருடைய படங்களின் சிறப்பு. நியூயார்க்கைச் சேர்ந்த ஏவரி சிங்கர், கட்டடக் கலைஞர்கள் பயன்படுத்தும் ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவங்களை அமைத்து, அவற்றைக் கேன்வாசின் மீது ஒளிவீழ்த்தி, டேப் ஒட்டி ஏர்பிரஷ்ஷால் கறுப்பு, சாம்பல், வெள்ளையில் வரைந்து பெயர் பெற்றார்.

நான்காமவரான சுவீடன் நாட்டு ஓவியர் கிறிஸ்டோஃபர் செட்டர்ஸ்ட்ராண்டின் கதை தலைகீழானது. அவரும் காட்சியைக் கணினியில் முப்பரிமாணத்தில் அமைத்துக்கொண்டு எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவர். அவருடைய ஓவியங்கள் சிறு பிக்சல் படங்களாகச் சுருக்கப்பட்டு, கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் கேமுக்குள் சுவரில் மாட்டும் படங்களாயின. அங்கே ஒரு கட்டையளவுப் படத்துக்குக் கிடைப்பது 16க்கு 16 சதுரங்கள்தான். உலகில் எத்தனையோ சிறுவர்கள் தம் வாழ்நாளில் முதன்முதலாகச் சுவரில் மாட்டிய ஓவியம் அவருடையதாகவே இருந்திருக்கும், பெயர் தெரியாமலே.

முதற்பயிற்சி: மேகமும் புதரும்

1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமில் வானத்திலுள்ள மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம் என்பதைப் பலர் பல ஆண்டுகள் கழித்தே கவனித்தார்கள். காரணம் சிக்கனம். அந்த கேட்ரிட்ஜில் படங்களுக்கென இருந்த இடம் 8 கிலோபைட். அதில் 8க்கு 8 பிக்சல் கொண்ட ஓடுகள், அதாவது அடுக்கித் திரையைக் கட்டும் சிறு சதுரப் படங்கள், 512 மட்டுமே அடங்கும். ஒவ்வோர் ஓடும் மூன்று நிறங்களையும் அவற்றோடு ஒரு பொதுப் பின்னணி நிறத்தையும்தான் ஏற்கும். ஆகவே மேகத்துக்கு வெள்ளை, இளநீலம், கறுப்பு என்று கொடுத்த அதே ஓடுகளுக்கு இளம்பச்சை, கரும்பச்சை, கறுப்பு என்று நிறத்தட்டை மாற்றியதும் புதர் கிடைத்துவிட்டது. வானமும் பூமியும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இந்த ஒரு செய்தியைக் கேன்வாசில் காட்டுவதே முதற்பயிற்சி.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 24க்கு 30 அங்குலக் கேன்வாஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 61க்கு 76 சென்டிமீட்டர். ஒரு பிக்சலுக்கு 1.5 சென்டிமீட்டர் என்று வைத்தால் அகலத்தில் 40 சதுரங்களும் உயரத்தில் 50 சதுரங்களும் அடங்கும். மிஞ்சும் ஒரு சென்டிமீட்டரை இரு ஓரங்களுக்கும் சமமாகப் பகிர்ந்துவிடலாம். ஒற்றை மேகம் ஏறத்தாழ 32 சதுர அகலமும் 24 சதுர உயரமும் கொண்டது. புதர் அதே மேகத்தின் மேற்பகுதி, உயரம் 16. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் வானத்துக்குப் பத்து வரிசைகள் மிஞ்சும். அந்தப் பத்தை எங்கே வைப்பது என்பதில்தான் படத்தின் அமைப்பு இருக்கிறது. நான் மேலே இரண்டும் நடுவில் எட்டும் விடுவேன். புதர் கேன்வாசின் அடிவிளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும்.

முழுத் திரையையும் வரைய ஆசைப்படுகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அந்த நிண்டெண்டோ இயந்திரத்தின் திரை 256க்கு 240 பிக்சல், அதாவது 61,440 சதுரங்கள். ஒரு சதுரத்தை அரை சென்டிமீட்டராகச் சுருக்கினாலும் கேன்வாஸ் 128க்கு 120 சென்டிமீட்டர் ஆகிவிடும்.

வாங்கிய கேன்வாசின் நெசவு மேடுபள்ளமாக இருக்கும். அதன் மேல் நேரடியாக டேப் ஒட்டினால் பள்ளங்களின் வழியே வண்ணம் டேப்பின் அடியில் கசிந்துவிடும். ஆகவே ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சை முதலில் கிடைவாட்டிலும், காய்ந்தபின் நெடுவாட்டிலும் பூசி, 400 எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, மறுபடியும் ஒரு பூச்சு கொடுங்கள். விரலால் தடவினால் முட்டை ஓட்டைப் போல இருக்க வேண்டும். தேய்க்கும்போது முகக்கவசம் அணிவது நல்லது.

அடுத்து, சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிட்டால் போதும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் விளிம்பை நம்பாமல் நடுக்கோட்டிலிருந்து அளக்கத் தொடங்க வேண்டும். நான்கு பக்கமும் 1.5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, நீண்ட அளவுகோலால் கோடு இழுங்கள். சாதாரணப் பென்சில் வேண்டாம். வெளிர்நிறங்களின் வழியே அதன் கறுப்புத் தெரியும். நீரில் கரையும் வண்ணப் பென்சிலில் இளநீலத்தைப் பயன்படுத்தினால் பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடலாம். புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்தக் கணக்கு புதிதன்று. கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றி வளையும், இங்கே எதுவும் வளைய அனுமதியில்லை என்பதே வேறுபாடு.

மேகத்தைக் கேன்வாசில் தொடங்குமுன் கிராஃப் தாளில் ஒருமுறை முழுவதும் நிரப்பிப் பாருங்கள். 1984இல் வெளிவந்த மேக்கின்டாஷ் கணினிக்கான சின்னங்களை வடிவமைத்த சூசன் கேர், கட்டம் போட்ட நோட்டில் சதுரங்களை நிரப்பியே அவற்றை வரைந்தார். தாளில் ஒரு சதுரத்தை இடம் மாற்றிப் பார்க்க அரை நிமிடம் போதும். கேன்வாசில் அரை நாள் போய்விடும்.

இனி வண்ணம். முதலில் கேன்வாஸ் முழுவதற்கும் வான நீலத்தை இரண்டு பூச்சாகக் கொடுங்கள். சதுரங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. நிறம் மாறும் ஓரங்களில் மட்டுமே உண்மையான உழைப்பு இருக்கிறது. இரண்டாயிரம் சதுரங்களில் சரிபாதிக்கு மேல் ஒரே வீச்சில் முடிந்துவிடும். பூச்சு காய்ந்ததும் கோடுகள் மறைந்திருக்கும். விளிம்பில் வைத்த புள்ளிகளைக் கொண்டு மேகமும் புதரும் வரும் பகுதியில் மட்டும் மறுபடி கட்டம் இழுங்கள். மேகத்தின் வெள்ளையையும் புதரின் இளம்பச்சையையும் அவற்றின் எல்லைக்கு ஒரு சதுரம் உள்ளே வரை கையாலேயே நிரப்பிக்கொண்டு, படிக்கட்டு போன்ற ஓரங்களுக்கு மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒளியான நிறங்களிலிருந்து இருண்ட நிறங்களை நோக்கிச் செல்ல வேண்டும். கறுப்பு ஓரக்கோடு கடைசியில் வருவதால் நடுவில் நேர்ந்த சிறு பிசகுகளையெல்லாம் அது மூடிவிடும்.

டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் புதிய நிறத்தைத் தடவக் கூடாது. ஏற்கெனவே அடியில் இருக்கும் நிறத்தையே முதலில் மெல்லிதாக ஓரத்தில் தடவிக் காயவிடுங்கள். கசிவதாக இருந்தால் அந்த நிறம் கசிந்து இடைவெளியை அடைத்துவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புதிய நிறத்தைப் பூசினால் கத்தியால் வெட்டியது போன்ற ஓரம் கிடைக்கும். வண்ணம் தொட்டால் ஒட்டாத, ஆனால் முழுக்க இறுகாத நிலையில் டேப்பைத் தாழ்வான கோணத்தில், தன்மேலேயே மடித்தாற்போல் மெதுவாக இழுத்து எடுங்கள். என் முதல் படத்தில் டேப்பை இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் உரித்தேன். வானத்தின் தோலும் கூடவே வந்துவிட்டது. ஏழு படிகளைத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று.

திரையின் நிறமும் குழாயின் நிறமும்

பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில் அந்த வானத்தின் நிறம் ஏறத்தாழ சிவப்பு 92, பச்சை 148, நீலம் 252 என்ற மதிப்பில் இருக்கும். லேசாக ஊதா கலந்த நீலம். அதை வண்ணக் குழாயிலிருந்து அப்படியே எடுக்க முடியாது. திரை ஒளியை உமிழ்கிறது, வண்ணம் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் தருகிறது. மின்னும் நீலமும் நியான் பச்சையும் அடர்ந்த மெஜந்தாவும் இந்த இடைவெளியில்தான் தொலைந்துபோகின்றன. டைட்டானியம் வெள்ளையில் அல்ட்ராமரின் நீலத்தைச் சேர்த்து, தாலோ நீலத்தை ஊசிமுனையளவு கலந்தால் அண்மையில் வரலாம். தாலோ நீலம் மிகவும் வலிமையானது. கொஞ்சம் கூடினாலும் வானம் பச்சையை நோக்கிச் சாய்ந்துவிடும். அக்ரிலிக் காயும்போது சற்று இருளும் என்பதால், கலந்ததை ஒரு துண்டுக் கேன்வாசில் தடவிக் காயவைத்த பிறகே ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது கைபேசியின் வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எந்த நீலமும் சேறாகவே தெரியும்.

ஒளிர்வை நேராகப் பெற முடியாதபோது அண்டை நிறங்களைக் கொண்டு பெற வேண்டும். ஒரு நியான் கதவு ஒளிர வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள சுவரை இருட்டாகவும் சாம்பலாகவும் ஆக்குங்கள். ஒளியின் நடுவில் அநேகமாக வெள்ளை. அடர்ந்த நிறம் அதைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமாக வரும். அதற்கப்பால் அந்த நிறம் இருளில் மெதுவாகக் கரைய வேண்டும். பலரும் நடுவிலேயே அடர்நிறத்தை வைத்துவிடுவதால் விளக்கு ஸ்டிக்கரைப் போல ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கரையும் பகுதிக்கு உலர்ந்த தூரிகையில் மிகக் குறைவான வண்ணத்தைத் தொட்டுத் தேய்ப்பதே மலிவான வழி. ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் 0.3 மில்லிமீட்டர் முனையைக் கொண்டு இன்னும் மென்மையாகச் செய்யலாம். ஆனால் காட்மியம் கலந்த வண்ணங்களை ஒருபோதும் ஏர்பிரஷ்ஷில் ஊற்றக் கூடாது, தூளாக மூச்சில் செல்லும் காட்மியம் நஞ்சு.

ஒளிரும் வகை வண்ணங்கள், அதாவது ஃப்ளூரசென்ட் என்று குப்பியில் எழுதியிருப்பவை, இந்தச் சிக்கலைச் சட்டென்று தீர்ப்பதுபோலத் தோன்றும். நானும் மயங்கினேன். மேற்குச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டிய படத்தின் இளஞ்சிவப்பு இரண்டே கோடையில் வெளிறிவிட்டது. வெயில் படாத இடத்துக்கு மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம்.

இன்னொன்றையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் இந்தப் படங்களை மக்கள் பார்த்தது குழாய் டிவியில். அங்கே பிக்சலின் ஓரம் மங்கி, பக்கத்து நிறத்தோடு கலந்து, கிடைக்கோடுகளாகத் தெரியும். கூர்மையான சதுரம் என்பது எமுலேட்டரும் தட்டைத் திரையும் பிற்பாடு நமக்குக் காட்டியது. டிவியின் தோற்றத்தை விரும்பினால், முடிந்த படத்தின்மேல் கறுப்பை, வண்ணத்தை ஒளிபுகும் படலமாக்கும் கிளேசிங் மீடியத்தில் நன்கு நீர்க்கக் கரைத்து, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் கிடைக்கோடுகளாக இழுக்கலாம். சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளை அடுத்தடுத்து வரைந்தால் தொலைவிலிருந்து வெள்ளையாகத் தெரியும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். திரையில் அவை ஒளியாகக் கூடுகின்றன. கேன்வாசில் அவற்றின் சராசரிதான் கண்ணை வந்தடையும், அது மந்தமான சாம்பல். பட்டைகளில் தாராளமாக வெள்ளையைக் கலந்தால்தான் ஓரளவு தேறும்.

மேகமும் புதரும் முடிந்தபின் அடுத்த கேன்வாசில் நிண்டெண்டோவை விட்டுவிடுங்கள். 8க்கு 8 சதுரங்களில் மூன்று நிறங்களைக் கொண்டு உங்களுக்கென்று பன்னிரண்டு ஓடுகளை வடிவமைத்து, அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப அடுக்கி ஒரு தெருவையோ குளக்கரையையோ கட்டுங்கள். தென்னங்கீற்றுக்கு வரைந்த ஓட்டையே நிறம் மாற்றித் தண்ணீருக்குப் பயன்படுத்த வேண்டிய நெருக்கடி வரும்போதுதான் 1985இன் வடிவமைப்பாளர் என்ன யோசித்திருப்பார் என்பது புரியும். 1999இல் ஜப்பானின் என்டிடி டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிட்டா உருவாக்கிய 176 எமோஜிகளும் 12க்கு 12 சதுரங்களுக்குள் அடங்கியவை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் அவற்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

இரண்டாம் பயிற்சி: உலகம் முடியும் இடம்

1990களின் நடுவில் கேம் உலகங்கள் முப்பரிமாணத்துக்கு மாறியபோது இயந்திரங்களால் தொலைதூரத்தை வரைய முடியவில்லை. முடியாத தூரத்தை மூட்டத்தால் மறைத்தார்கள். 1999இல் வந்த 'சைலன்ட் ஹில்' அந்த இயலாமையையே அச்சமாக மாற்றிக்கொண்டது. 1994இல் ஜப்பானில் வெளியான முதல் பிளேஸ்டேஷன் கேம் இயந்திரத்தில் வேறொரு குறை உண்டு. அது உருவங்களைக் கட்டும் முக்கோணங்களின் முனைகளை முழு எண்களில்தான் வைத்துக்கொள்ளும், சுவரின் மேல் ஒட்டிய படத்தைத் தொலைவுக்கேற்பத் திருத்தாது. அதனால் ஆட்டக்காரர் நகரும்போது தரையின் கட்டங்கள் நெளியும், சுவர்கள் துடிக்கும். நிண்டெண்டோ 64 இயந்திரத்தில் சுவர்ப் படங்களுக்குக் கிடைத்த உடனடி நினைவகம் 4 கிலோபைட் மட்டுமே என்பதால், சின்னஞ்சிறு படத்தை இழுத்து நீட்டி மழுப்பினார்கள். அதனால்தான் அதன் மலைகள் ஈரக்காகிதத்தில் பூசியவை போலத் தோன்றும்.

ஓவியருக்கு இவை மூன்றும் கொடைகள். பொதுவாக, தொலைவில் செல்லச் செல்ல நிறம் நீலமாகி மங்கும் என்று நிலக்காட்சி ஓவியத்தில் கற்பிப்பார்கள். கேம் மூட்டத்தில் எல்லாப் பொருளும் ஒரே ஒரு நிறத்தை நோக்கி, ஒரே விகிதத்தில் கரையும். ஆகவே அந்த ஒரு சாம்பலை முதலில் நிறையக் கலந்து ஒரு டப்பாவில் மூடி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முன்வரிசை மரத்தின் நிறத்தில் இதை ஒரு பங்கும், அடுத்த வரிசையில் இரு பங்கும், அதற்கடுத்ததில் நான்கு பங்கும் சேர்த்துக்கொண்டே போங்கள். ஐந்தாம் வரிசையில் மரம் வெறும் ஐயமாகத்தான் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துபோகும் என்பதால் ஈரத்துணி விரித்த தட்டில் கலப்பதும், ரிட்டார்டர் என்ற மெதுவாகக் காயவைக்கும் திரவத்தைச் சில துளி சேர்ப்பதும் உதவும்.

உருவங்களை முக்கோணங்களால் கட்டுங்கள். ஒரு பாறைக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரே தட்டை நிறம். ஸ்கெட்ச்அப், பிளெண்டர் போன்ற மென்பொருள் தெரிந்தவர்கள் அதில் அமைத்துப் பார்க்கலாம். தெரியாதவர்கள் தடித்த அட்டையை வெட்டி மடித்து மேசை விளக்கின் கீழ் வைத்து வரைந்தாலும் அதே பலன் கிடைக்கும், என்னைக் கேட்டால் கூடுதல் பலன்.

எந்த இடத்தை வரைவது என்று தயங்குகிறவர்களுக்கு ஹாரூன் ஃபரோக்கியின் வேலை வழிகாட்டும். ஜெர்மனியின் இந்தத் திரைக்கலைஞர் 2012 முதல் 2014 வரை நான்கு பகுதிகளாகச் செய்த 'பேரலல்' என்ற காணொளித் தொடரில், கேம்களில் மரமும் நீரும் மேகமும் பல்லாண்டுகளில் எப்படி மாறின என்பதையும், கேம் உலகத்தின் எல்லையை ஒருவன் முட்டும்போது என்ன நடக்கிறது என்பதையும் பொறுமையாகக் காட்டுகிறார். நீங்களும் ஒரு கேமைத் திறந்து, பணியை மறந்து, வரைபடத்தின் ஓரத்துக்கு நடந்து செல்லுங்கள். புல் பாதியில் நின்றுபோகும் கோடு, கடலுக்குள் தெரியும் தட்டைத் தரை, சுவருக்குள் பாதி புதைந்த நாற்காலி ஆகியவற்றில் ஒன்றை வரைந்தால், விளம்பரத்தில் வராத, உங்கள் கண் மட்டும் கண்ட காட்சி கிடைக்கும். திரையில் எண்களும் வரைபடமும் மறையும்படி அமைப்பை மாற்றிக்கொண்டு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பல கேம்களில் இதற்கென்றே புகைப்பட வசதி உண்டு.

மூன்றாம் பயிற்சி: தேய்ந்த படம்

இணையத்தில் ஒரு படம் எத்தனை கைமாறியது என்பது அதன் தேய்மானத்தில் தெரியும். வடிவேலுவின் முகத்தைத் துல்லியமாக வரைந்தால் அது நடிகரின் உருவப்படம், மீம் ஆகாது. ஆயிரம் குழுக்களில் பகிரப்பட்டு, கண்ணோரம் கட்டங்கட்டமாக உடைந்து, எழுத்துகளைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போன்ற புள்ளிகள் சேர்ந்து, மூலையில் இரண்டு மீம் பக்கங்களின் முத்திரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருப்பதில்தான் இணையம் இருக்கிறது.

1992இல் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் (JPEG) என்ற படச் சுருக்க முறை, படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழிக்கிறது. அதைவிட ஓவியருக்குப் பயன்படும் செய்தி, அது ஒளி அளவையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து, நிறத்தை மட்டும் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில் சேமிக்கிறது என்பது. கண் ஒளி வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைத் தளர்வாகவும் பார்க்கிறது என்பதே இதற்கு அடிப்படை. பழைய ஐரோப்பிய ஓவியர்கள் முதலில் சாம்பலில் முழுப் படத்தையும் வரைந்துவிட்டு, அதன்மேல் ஒளிபுகும் நிறத்தைப் படலமாகப் பூசியதும் ஏறக்குறைய இதே பிரிவினைதான்.

செய்முறை இது. உங்கள் சொந்தப் புகைப்படம் ஒன்றைச் சிறிதாக்கி, மிகக் குறைந்த தரத்தில் ஜேபெக்காகப் பத்துமுறை திரும்பத் திரும்பச் சேமியுங்கள். ஒவ்வொரு முறையும் அளவைச் சற்று மாற்றினால் தேய்மானம் கூடும். அதில் அகலத்தில் 10, உயரத்தில் 12 கட்டங்கள் அடங்கும் பகுதியை வெட்டி, 40க்கு 48 சென்டிமீட்டர் பரப்பில் ஒரு கட்டத்துக்கு 4 சென்டிமீட்டராக மாற்றுங்கள். முதலில் சாம்பல்களில் மட்டும், ஒவ்வொரு கட்டத்தையும் அண்டைக் கட்டத்தைப் பாராமல் தனிப்படமாக வரையுங்கள். ஓரங்கள் பொருந்தாமல் போவதே வேண்டியது. நன்கு காய்ந்தபின், நான்கு கட்டங்களைச் சேர்த்து ஒரே கட்டமாகக் கொண்டு, கிளேசிங் மீடியத்தில் கரைத்த நிறத்தை 8 சென்டிமீட்டர்ச் சதுரங்களாகப் பூசுங்கள். உதட்டின் சிவப்பு உதட்டைத் தாண்டிக் கன்னத்தில் வழியும், சட்டையின் நீலம் கழுத்தில் ஏறும். அதைத் திருத்திவிடக் கை பரபரக்கும், திருத்தாதீர்கள்.

தமிழில் கணினி பார்த்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு பொருளும் உண்டு. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி எழுத்துரு வேண்டியிருந்தது; அது இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் முழுவதும் தலைமேல் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகத் திறக்கும். இன்றைக்கும் எழுத்து சரியாக இணையாதபோது ஒற்றைக் கொம்பு தனித்து நின்று, பக்கத்தில் புள்ளிகளால் ஆன வெற்று வட்டம் ஒன்று தோன்றும். எழுத்துருவே இல்லாவிட்டால் வரிசையாக வெற்றுப் பெட்டிகள். அந்தப் புள்ளி வட்டத்தை, மெய்யெழுத்து வந்து அமரக் காத்திருக்கும் இருக்கையாக, ஆளுயரக் கேன்வாசில் வரைந்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது வரைந்தால் நன்றாயிருக்கும்.

வார்னிஷ், விற்பனை, புகைப்படம்

படம் தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் ஒரு வாரமாவது பொறுத்து வார்னிஷ் பூசுங்கள். பளபளப்பான வார்னிஷ், அணைத்து வைத்த கைபேசியைப் போல அறையைத் திருப்பிக் காட்டும். இருண்ட படங்களுக்கு அது பொருந்தலாம். கட்டங்கள் கொண்ட படங்களுக்கு மேட் வகையே நல்லது, தூரிகைத் தடங்களை அது அடக்கிவிடும். கேன்வாசின் பக்கவாட்டை மறந்துவிடாதீர்கள். திரைக்குத் தடிமன் இல்லை, உங்கள் படத்துக்கு உண்டு. ஓரச் சதுரங்களை அப்படியே பக்கவாட்டில் மடித்து வரைந்தால் படம் ஒரு பொருளாகிவிடும்.

பயிற்சிக்காக வரைந்து வீட்டில் மாட்டிக்கொள்வது வேறு, விற்பது வேறு. புகழ்பெற்ற கேம் பாத்திரங்கள் பதிப்புரிமைக்கும் வணிகச்சின்ன உரிமைக்கும் உட்பட்டவை. மீம்களில் உள்ள முகங்களுக்கும் புகைப்படங்களுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அச்சுப்பிரதி போட்டு விற்கும் எண்ணம் இருந்தால் நிறுவனத்தின் விதிகளை முதலில் படித்துவிடுங்கள். சொந்த ஓடுகளில் கட்டிய தெருவுக்கும், அட்டைப் பாறைகளுக்கும், உங்கள் வீட்டுப் புகைப்படத்தின் தேய்மானத்துக்கும் இந்தக் கவலை இல்லை.

படத்தை இணையத்தில் ஏற்றும்போது ஒரு தொல்லை வரும். சிறு கட்டங்களையும் கிடைக்கோடுகளையும் கைபேசிக் கேமரா தன் சொந்தப் பிக்சல் கட்டத்தின் வழியே பார்ப்பதால், படத்தில் இல்லாத அலைகள் புகைப்படத்தில் நெளியும். அருகில் நின்று எடுத்தால் நேர்க்கோடுகள் ஓரத்தில் வளையவும் செய்யும். மேகமூட்டமான காலை நேரத்தில் படத்தைச் சன்னலுக்கு அருகே, ஆனால் வெயில் நேரே படாதபடி, சுவரில் செங்குத்தாக வைத்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கேமராவின் நடுவும் படத்தின் நடுவும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். அப்போதும் அலை தெரிந்தால் ஒரு கை நீளம் முன்னோ பின்னோ நகர்ந்து மறுபடி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே மறைந்துவிடும்.